கரைப்பறவைகளும் ரேச்சல் கார்சனும்

அமெரிக்காவின் வடகிழக்குக் கடற்கரையில் கோடைக்காலம் ஜூன் திங்களில் தொடங்கி ஆகஸ்டு இறுதியில் விடைபெறத் தொடங்கும். அவ்வாறு விடைபெறுவதை நாள்காட்டியைப் பாராமலே அப்பகுதியினர் அறிந்துகொள்வர். மாசசூசெட்சு மாநிலத்தின் வடபகுதியில் பிளம் தீவு என்னும் நீண்ட மணல்திட்டு, கடலுக்கும் உவர்ச்சதுப்புக்கும் இடையே கிடக்கிறது. ஓதம் வற்றிச் சேற்றுப்பரப்பு வெளிப்படும் வேளையில், ஆர்க்டிக் துருவநிலத்தில் குஞ்சு பொரித்துத் திரும்பும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அங்கே கூட்டங்கூட்டமாக இறங்கும். முதலில் வருபவை வளர்ந்த பறவைகள். சில வாரங்கள் கழித்து, அந்த ஆண்டிலே பிறந்த இளம்பறவைகள், வழிகாட்டும் பெற்றோர் உடனில்லாமலே அதே வழியில் வந்து சேரும். சேற்றில் உள்ள புழுக்களையும் சிறு நண்டுகளையும் உண்டு, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, தென் அமெரிக்கா நோக்கிப் பறந்துவிடும். கையில் குறிப்பேடும் கழுத்தில் இருகண் நோக்கியுமாக அவற்றை எண்ணிக்கொண்டிருப்போரை அக்கரையில் இன்றும் காணலாம்.

பொழுதுபோக்காகத் தோன்றும் இந்த எண்ணிக்கை, ஒரு காலத்தில் ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றும் சான்றாயிற்று. அச்சான்றுகளைத் திரட்டி உலகின்முன் வைத்தவர் ரேச்சல் கார்சன்.

அவர் பிறந்தது கடற்கரையில் அன்று. பென்சில்வேனியா மாநிலத்தில், கடலிலிருந்து வெகுதொலைவில், அலெகனி ஆற்றங்கரையிலுள்ள ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் பிறந்தார். தாயார் மரியா கார்சன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தம் கடைசி மகளைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் அழைத்துச்சென்று பறவைகளின் குரலை இனங்காணப் பழக்கியவர் அவரே. எழுத்தில் கொண்ட ஆர்வத்தால் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலத் தொடங்கிய ரேச்சல், மேரி ஸ்கிங்கர் என்னும் ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்தபின் உயிரியலுக்கு மாறினார். இலக்கியத்தைக் கைவிட்டுவிட்டோமோ என்ற கவலை அவருக்குச் சிலகாலம் இருந்தது. அக்கவலை தேவையற்றது என்பதைப் பின்னர் அவருடைய நூல்களே காட்டின.

1929ஆம் ஆண்டுக் கோடையில் மாசசூசெட்சின் உட்ஸ் ஹோல் கடல்சார் ஆய்வகத்துக்குச் சென்றபோதுதான் கடலை அவர் முதன்முதலாகக் கண்டார். அப்போது அவருக்கு வயது 22. 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்த காலம் அது. 1935இல் தந்தை மறைந்தார். ஈராண்டில் தமக்கையும் மறைந்தார். தாயையும் தமக்கையின் இரு பெண்மக்களையும் காக்கும் பொறுப்பு அவர் தோள்மேல் விழுந்தது. அரசின் மீன்வளத்துறைக்கு வானொலி உரைகள் எழுதிக் கொடுத்தார். பின் தேர்வெழுதி 1936இல் அத்துறையிலேயே உயிரியலாளராகப் பணியேற்றார். அறிவியல் பணியிடங்களில் பெண்களைக் காண்பது அரிதாயிருந்த காலம் அது.

கடலைப் பற்றி அவர் எழுதிக்கொடுத்த அறிமுகவுரை ஒன்றைப் படித்த மேலதிகாரி, அது அரசு வெளியீட்டுக்குப் பொருந்தாத அளவுக்கு நன்றாயிருப்பதாகக் கூறி, இலக்கிய இதழுக்கு அனுப்புமாறு அறிவுறுத்தினார். 1937இல் வெளிவந்த அக்கட்டுரையே அவருடைய முதல் நூலுக்கு வித்தாயிற்று.

அந்நூலுக்காக அவர் வட கரோலினா மாநிலத்தின் பியூஃபோர்ட் கடற்கரையில் கோடை நாள்களைக் கழித்தார். நீரை ஒட்டிப் பறந்து, நீண்ட கீழலகால் நீர்ப்பரப்பைக் கிழித்து மீன்பிடிக்கும் ஸ்கிம்மர் பறவையையும், பின்வாங்கும் அலையைத் துரத்தி ஓடி, முன்வரும் அலைக்கு அஞ்சித் திரும்பி ஓடும் சாண்டர்லிங் என்னும் சிறு உள்ளானையும் மணிக்கணக்காகப் பார்த்திருந்தார். (குளிர்காலத்தில் தமிழகக் கடற்கரைக்கும் வந்துசெல்லும் பறவைதான் இந்தச் சாண்டர்லிங்.) 'கடற்காற்றின் கீழே' என்னும் அந்நூலில் மனிதர்கள் முதன்மைப் பாத்திரங்கள் அல்லர். ஓர் இணை சாண்டர்லிங்குகள் துருவநிலத்துக்குச் செல்வதும், பனிப்புயலில் பிழைத்துக் குஞ்சு பொரிப்பதும், கோடை முடியுமுன் தெற்கே திரும்புவதும் அதில் கதையாக விரிகின்றன. ஆயினும் பறவைக்கு மனித மனத்தை ஏற்றிச் சொல்லும் எளிய வழியை அவர் நாடவில்லை. பசி, குளிர், ஓதம், பகைவிலங்கு என்று பறவையின் வாழ்வை இயக்கும் விசைகளையே எழுதினார். நூல் 1941 நவம்பரில் வெளிவந்தது. அடுத்த திங்களில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு, நாடு போரில் இறங்கியது. உள்ளானின் பயணத்தைப் படிக்க அப்போது எவருக்கும் மனமில்லை. முதற்பதிப்பில் ஈராயிரம் படிகள்கூட விற்கவில்லை.

போர் முடிந்தபின் துறை அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. வனவுயிர்ப் புகலிடங்களைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறுநூல் வரிசை அது. வர்ஜீனியாவின் சிங்கோட்டீக், மாசசூசெட்சின் பார்க்கர் ஆறு, வட கரோலினாவின் மட்டமஸ்கீட் எனக் கடலோரப் புகலிடங்களுக்கு நேரில் சென்றார். முழங்கால் அளவு சேற்றில் நடந்து பறவைகளைக் குறிப்பெடுத்தார். பிளம் தீவின் பெரும்பகுதியை உள்ளடக்கியது பார்க்கர் ஆற்றுப் புகலிடம். அதை அரசு கையகப்படுத்தியதை அங்குள்ள வேட்டைக்காரர்களும் மட்டி எடுப்போரும் கடுமையாக எதிர்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுடைய அச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. தலைமுறைகளாகப் பிழைத்துவந்த நிலம் அது. கார்சன் அவர்களைப் பழிக்கவில்லை. பறவைகள் ஆண்டுதோறும் செல்லும் வலசைப் பாதை நெடுகிலும் சதுப்புகள் வடிக்கப்பட்டும் தூர்க்கப்பட்டும் வருவதை எடுத்துக்காட்டினார். வழிப்போக்கருக்கு இடையிடையே சத்திரங்கள் வேண்டும். அதுபோலப் பறவைக்கும் இரையும் ஓய்வும் கிடைக்கும் இடங்கள் வேண்டும் என்பதே அவர் வைத்த வாதத்தின் சாரம். 1947இல் தொடங்கிய இவ்வரிசை பெரும்புகழ் பெறவில்லை. எனினும், ஓரிடத்துச் சேற்றுக்கு நேரும் கேடு ஆயிரம் கல் தொலைவில் ஒரு பறவையைக் கொல்லும் என்னும் அறிவு அவருக்கு இச்சதுப்புகளிலேதான் உறுதிப்பட்டது.

புகழ் 1951இல் வந்தது. 'நம்மைச் சூழ்ந்த கடல்' என்னும் நூல் 86 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் நின்றது. அரசுப் பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரான அவர், மெயின் மாநிலத்தின் சவுத்போர்ட் தீவில் கடலை நோக்கிய சிறுவீடு ஒன்றைக் கட்டினார். 1953முதல் அவருடைய கோடைகள் அங்கே கழிந்தன. கரைக்குளங்களில் எடுத்துவந்த சிற்றுயிர்களை உருப்பெருக்கியில் பார்த்து முடித்தபின், இருட்டிலும் விளக்கேந்திச் சென்று, எடுத்த இடத்திலேயே விட்டுவருவது அவர் வழக்கம். அந்த அமைதியான வாழ்வை அவர் தம் இறுதிவரை தொடர்ந்திருக்கலாம்.

1958 ஜனவரியில் ஓல்கா ஹக்கின்ஸ் என்னும் பெண்மணி, பாஸ்டன் நாளிதழுக்குத் தாம் எழுதிய கடிதத்தின் படி ஒன்றைக் கார்சனுக்கு அனுப்பினார். டக்ஸ்பரி என்னும் கடலோர ஊரில் அவரும் கணவரும் பறவைகளுக்கென ஒரு புகலிடம் வைத்திருந்தனர். முந்தைய கோடையில், சதுப்பில் பெருகிய கொசுக்களை ஒழிப்பதற்காக அரசு வானூர்தி டிடிடி மருந்தைத் தூவிச் சென்றது. மறுநாள் முதலே தோட்டத்துப் பாடும் பறவைகள் செத்து விழுந்தன. கொசுவோ ஒழியவில்லை. இதனைத் தடுக்க யாரை அணுகலாம் என்று அவர் கேட்டிருந்தார்.

டிடிடி அக்காலத்தில் மக்கள் போற்றிய மருந்து. போர்க்காலத்தில் பேன்வழிப் பரவிய டைபஸ் காய்ச்சலிலிருந்து ஆயிரக்கணக்கானோரை அது காத்தது. அதன் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லர் 1948இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் கார்சனுக்கு அதன்மேல் ஐயம் முன்பே இருந்தது. 1945இலேயே அதைப்பற்றி எழுத முன்வந்து மாத இதழ் ஒன்றுக்கு விண்ணப்பித்தார். அவ்விதழ் அக்கறை காட்டவில்லை. இப்போது வேறு எவரேனும் எழுதுவார்களா என்று தேடிப் பார்த்தார். எவரும் முன்வராத நிலையில் தாமே எழுதத் துணிந்தார்.

நான்காண்டுகள் சான்றுகளைத் திரட்டினார். அவற்றுள் பல சதுப்பிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் கிடைத்தவை. 1955இல் ஃபுளோரிடாவின் கீழைக்கடற்கரையில், மணல் ஈக்களை ஒழிக்கும்பொருட்டு ஏறத்தாழ 2,000 ஏக்கர் உவர்ச்சதுப்பில் டைல்டிரின் என்னும் நஞ்சு இடப்பட்டது. அங்கே மாண்ட மீன்களை அறிவியலாளர்கள் 11,75,000 என மதிப்பிட்டனர். அதே மாநிலத்தின் மேலைக்கடற்கரையில் சார்லஸ் புரோலி என்பவர், வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், உயர்ந்த மரங்களில் ஏறி வெண்தலைக் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையமிட்டுவந்தார். 1939முதல் பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளுக்கு வளையமிட்ட அவர், 1957இல் பறவைகள் இருந்த 43 கூடுகளில் எட்டே குஞ்சுகளைக் கண்டார். 1958இலோ நூறு மைல் கரையைச் சுற்றியும் ஒரே குஞ்சுதான் கிடைத்தது. பென்சில்வேனியாவின் ஹாக் மலையில் வலசைபோகும் கழுகுகளை எண்ணியோரின் ஏடுகளும் இதையே கூறின. 1935முதல் 1939வரை கண்ட கழுகுகளில் நூற்றுக்கு நாற்பது இளம்பறவைகள்; 1955முதல் 1959வரை நூற்றுக்கு இருபதே. கார்சன் 1945இல் அம்மலைப்பாறையில் அமர்ந்து வல்லூறுகள் கடந்து செல்வதைக் கண்டவர். அவ்வேடுகளில் உள்ள ஒவ்வோர் எண்ணும் எத்தனை மணிநேரக் குளிரையும் காத்திருப்பையும் விலையாகக் கொண்டது என்பதை அவர் அறிவார். ஊதியமின்றி, பறவைமேல் கொண்ட விருப்பத்தால் மட்டுமே எழுதப்பட்டவை என்பதால் அவ்வேடுகளை அவர் இலேசாகக் கருதவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவரை நோய் பற்றியது. 1960இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவம் நடந்தது. கதிர்வீச்சு மருத்துவம் உடலை வாட்டியது. சில வாரங்கள் கண்பார்வையும் மங்கியதால், உதவியாளர் படித்துக்காட்டக் கேட்டுத் திருத்தினார். தம் நோயை வெளியே சொல்ல வேண்டாமென நெருங்கியோரிடம் கூறியிருந்தார். நோயின் கசப்பால் எழுதியது என்று எதிரிகள் நூலைத் தள்ளிவிடுவார்கள் என்பதே அவருடைய கவலை.

'மௌன வசந்தம்' 1962 செப்டம்பர் 27ஆம் நாள் வெளிவந்தது. சான்றாதாரப் பட்டியல் மட்டுமே ஐம்பது பக்கங்களுக்கு மேல் நீண்டது. எதிர்ப்பும் அதற்கேற்ப எழுந்தது. வேதிப்பொருள் நிறுவனம் ஒன்று, நூல் வெளிவருமுன்னரே வழக்குத் தொடுப்பதாக மிரட்டியது. முனைவர் பட்டம் இல்லாதவர், உணர்ச்சிவயப்பட்டவர், மணமாகாத பெண்ணுக்கு வருங்காலத் தலைமுறையைப் பற்றி என்ன கவலை என்றெல்லாம் ஏளனம் செய்தனர். பூச்சிக்கொல்லிகளை அறவே ஒழிக்க வேண்டும் என்று அவர் எங்கும் எழுதவில்லை. விளைவறியாமல் கண்மூடித்தனமாகத் தூவுவதையே எதிர்த்தார். அவ்வேறுபாட்டை எதிர்த்தோர் அறிந்தே மறைத்தனர் எனலாம். 1963 மே திங்களில் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழு அளித்த அறிக்கை, பெரும்பாலும் கார்சனின் பக்கமே நின்றது. அடுத்த திங்களில், மேலவைக் குழுவின்முன் அமர்ந்து அவர் சான்றுரைத்தார். எலும்புவரை பரவிய நோயின் வலியை அந்த அவையில் எவரும் அறியவில்லை.

அந்தக் கோடையையும் சவுத்போர்ட் தீவில்தான் கழித்தார். செப்டம்பர் திங்களின் ஒரு காலைப்பொழுதில், அத்தீவின் தென்முனையிலுள்ள நியூவேகன் பாறைக்கரையில் தோழி டோரதி ஃபிரீமனுடன் அமர்ந்திருந்தார். மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேற்கு நோக்கிக் கடந்துகொண்டிருந்தன. அவற்றுள் எதுவும் திரும்பி வரப்போவதில்லை என்பதை இருவரும் அறிவர். அன்று பிற்பகல் தோழிக்கு எழுதிய மடலில், ஓர் உயிர் தன் காலத்தை நிறைவுசெய்து முடிவது வருந்தத்தக்கதன்று என்ற தம் எண்ணத்தைப் பதிவுசெய்தார். 1964 ஏப்ரல் 14ஆம் நாள், தம் 56ஆம் வயதில் மறைந்தார். அவருடைய சாம்பலில் ஒரு பகுதியை டோரதி அதே பாறைக்கரையில் கடலில் தூவினார்.

முட்டைகள் பொரியாததன் காரணம் அவர் மறைந்தபின்னரே தெளிவாயிற்று. பறவைகளின் கொழுப்பில் சேரும் டிடிடி, ஓட்டுக்குச் சுண்ணம் சேர்வதைக் கெடுத்து முட்டையோட்டை மெலியச் செய்தது. அடைகாக்கும் பறவையின் எடையைத் தாங்காமல் அது நொறுங்கியது. பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் இம்மெலிவை 1967இல் வெளியிட்டார். 1970இல் கலிபோர்னியாவின் அனகாப்பா தீவில் பழுப்புக் கூழைக்கடாக்கள் 552 முறை கூடுகட்டியும் ஒரே குஞ்சுதான் பிழைத்தது. 1972இல் அமெரிக்க அரசு டிடிடியின் பயன்பாட்டைத் தடைசெய்தது. ஆண்டுகள் செல்லச்செல்ல ஓடுகள் மீண்டும் தடித்தன. அழியும் நிலையிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகு 2007இலும் பழுப்புக் கூழைக்கடா 2009இலும் நீக்கப்பட்டன.

மெயின் மாநிலத்தின் தென்கரையில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்தில் ஆங்காங்கே அமைந்த உவர்ச்சதுப்புகளும் கழிமுகங்களும் 1966இல் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. இன்று அதன் பெயர் ரேச்சல் கார்சன் தேசிய வனவுயிர்ப் புகலிடம். ஆகஸ்டு இறுதியில் சதுப்புப்புல் பச்சை மாறிப் பொன்னிறம் கொள்ளத் தொடங்கும்போது, வடக்கிலிருந்து வரும் உள்ளான்கள் அங்கே இறங்குகின்றன. ஓதம் வற்றும் நேரத்தைப் பார்த்து, குறிப்பேட்டுடன் அவற்றை எண்ண வருவோரும் வருகின்றனர்.