கைதி எழுப்பிய கலங்கரை விளக்கம்

பொய் ஆவணம் புனைந்தவர் என்று தண்டிக்கப்பெற்ற ஒருவரின் உருவத்தை, ஒரு நாடு தன் பணத்தாளிலேயே பொறித்துப் போற்றியது. அப்பெருமைக்கு உரியவர் பிரான்சிஸ் கிரீன்வே என்னும் கட்டடக் கலைஞர்.

இவர் 1777ஆம் ஆண்டில், இங்கிலாந்து நாட்டுப் பிரிஸ்டல் நகரை அடுத்த ஊரில், கட்டடத் தொழிலையே மரபாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தாருடன் கூடி நடத்திய தொழில் நொடித்தமையால் 1809இல் கடனாளியானார். இடுக்கண் வந்துற்ற காலத்தில் நெறி பிறழ்ந்து, கட்டட ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிப் பொய் ஆவணம் புனைந்தார். 1812இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்நாளில் அக்குற்றத்திற்கு உரிய தண்டனை தூக்கே. ஆயினும், அது 14 ஆண்டு நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது.

கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பலில் பலர் நோயுற்று மாண்டனர். உயிர் தப்பிய கிரீன்வே 1814இல் ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறையை அடைந்தார். அங்கு ஆளுநராக இருந்த மக்குவாரி, திருந்தி வாழ்வோரைப் பழைய குற்றம் கூறி ஒதுக்குதல் தகாது என்னும் கொள்கையினர். அவர் 1816இல் கிரீன்வேயை, நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங் ஊதியத்தில், அரசாங்கக் கட்டடக் கலைஞராக அமர்த்தினார்.

துறைமுக வாயிலில் கலங்கரை விளக்கம் ஒன்றை எழுப்புமாறு கிரீன்வே பணிக்கப்பட்டார். அங்குக் கிடைத்த கல் மென்மையானது, நெடுங்காலம் நில்லாது என அவர் எச்சரித்தார்; பிற்காலத்தில் அவ்வாறே நிகழ்ந்தது. எனினும், அவரது திறம் கண்டு மகிழ்ந்த ஆளுநர், 1817இல் அவ்விளக்கத்தின் அடியிலேயே நிபந்தனையுடன் கூடிய விடுதலையை அளித்தார். அடுத்து, தங்க இடமின்றி அலைந்த கைதிகளுக்காகக் கிரீன்வே பெருமனை ஒன்றை அமைத்தார். அது 1819இல் நிறைவுற்றபோது முழு விடுதலையும் பெற்றார். தேவாலயங்கள் முதலிய வேறு பல கட்டடங்களும் அவர் கைவண்ணத்தால் எழுந்தன.

ஆயின், அவர் எளிதில் சினம் கொள்பவர். பிறருடன் இணங்கிப் போகும் இயல்பு இல்லாதவர். மக்குவாரி பதவி நீங்கியபின், 1822இல் கிரீன்வே வேலையிழந்தார். 1837இல் வறுமையுற்று மறைந்தார். அவர் புதைகுழிக்கு அடையாளக் கல்லும் நாட்டப்படவில்லை.

அவர் அமைத்த கைதிகள் மனை 2010இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. 1966 முதல் 1993 வரை ஆஸ்திரேலியப் பத்து டாலர் தாளில் அவர் உருவம் விளங்கிற்று. தவறியவரையும் தகுதி அறிந்து பணியில் அமர்த்தினால், அவரால் நாடு பயன்பெறும் என்பதை இவர் வரலாறு உணர்த்துகின்றது.