பதின்மூன்று வயதுப் பிலோமினா

மைசூரு அசோகா சாலையில் செல்வோர் தொலைவிலிருந்தே இரட்டைக் கூர்ங்கோபுரங்களைக் காண்பர். ஏறத்தாழ 175 அடி உயரமுள்ள அவை புனித பிலோமினா பேராலயத்தின் கோபுரங்கள். தமிழ்க் குடும்பங்களில் பிலோமினா, பிலோமினம்மாள் என்னும் பெயருடைய பாட்டிமாரை நீங்கள் அறிந்திருக்கலாம். அப்பெயருக்கு உரிய புனிதரோ உங்களையொத்த வயதுடைய ஒரு சிறுமி.

1802ஆம் ஆண்டு மே மாதம், இத்தாலியின் உரோமை நகரில், பிரிசில்லா நிலவறைக் கல்லறை அகழப்பட்டது. தொடக்க நூற்றாண்டுகளின் கிறித்தவர்கள் இறந்தோரை அடக்கம் செய்த சுரங்கம் அது. அங்கே மூன்று சுடுமண் பலகைகளால் மூடிய ஒரு குழி தென்பட்டது. பலகைகளில் இருந்த இலத்தீன் எழுத்துகளை வரிசையாகப் படித்தால் பொருள் விளங்கவில்லை. முதற்பலகையைக் கடைசியில் வைத்துப் படித்தபோது, பிலோமினாவுக்கு அமைதி வேண்டும் வாழ்த்து வெளிப்பட்டது. எழுத்துகளினூடே நங்கூரம், அம்பு, குருத்தோலை ஆகியவை வரையப்பட்டிருந்தன. குழியினுள் பதின்மூன்று வயது மதிக்கத்தக்க சிறுமியின் எலும்புகள் இருந்தன. 1805இல் அவை முஞ்ஞானோ என்னும் சிற்றூருக்குக் கொண்டு செல்லப்பட்டன.

பிலோமினாவைப் பற்றி வரலாறு தருவது இவ்வளவே. அவரது வாழ்க்கைக் கதை நமக்கு வேறு வழியில் வந்தது. நேப்பிள்சு நகரத் துறவி ஒருவர், புனிதரே தமக்கு அதனை உணர்த்தியதாக 1833இல் கூறினார். பக்தர்கள் போற்றுவது அக்கதையையே.

அதன்படி, பிலோமினா கிரேக்க நாட்டுச் சிற்றரசர் ஒருவரின் மகள். நெடுநாள் பிள்ளையின்றி வருந்திய பெற்றோர் கிறித்தவ நெறியை ஏற்றபின் பிறந்தவர். பதினோராம் வயதில் தம் வாழ்வை இறைவனுக்கே உரியதாக்கி உறுதி பூண்டார். ஈராண்டு கழித்துத் தந்தை, போர் அச்சத்தால் அமைதி வேண்டி உரோமைப் பேரரசர் தியோக்ளேசியனிடம் சென்றார். மகளும் உடன் சென்றார். சிறுமியைக் கண்ட பேரரசர், அவரை மணமுடித்துக் கொடுத்தால் நாட்டைக் காப்பதாக வாக்களித்தார். பெற்றோர் மகிழ்ந்தனர். மகள் மறுத்தார்.

பேரரசரின் சினத்தைக் காட்டிலும் தாய்தந்தையரின் கண்ணீரே அவருக்குப் பெருஞ்சோதனையாக இருந்திருக்க வேண்டும். தங்களுக்காகவும் நாட்டுக்காகவும் இசையுமாறு அவர்கள் கெஞ்சினர். பகைவரிடம் மறுப்பது எளிது. அன்புடையோரிடம் மறுப்பது அவ்வாறன்று. பிலோமினா அவர்களை வெறுக்கவுமில்லை. தம் உறுதியை விடவுமில்லை.

பின்னர் அவர் சிறையிடப்பட்டார். சாட்டையடி பட்டார். நங்கூரம் கட்டப்பட்டுத் தைபர் ஆற்றில் எறியப்பட்டார். அம்புகள் அவர்மீது எய்யப்பட்டன. ஒவ்வொரு முறையும் உயிர் பிழைத்தவர் இறுதியில் தலை துண்டிக்கப்பட்டு மாண்டார்.

பலகையின் ஓவியங்கள் இக்கதையோடு பொருந்துவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆயினும் நங்கூரம் அக்காலக் கிறித்தவரிடையே நம்பிக்கையின் பொதுச்சின்னம் என்பர் அறிஞர். 1961இல் திருச்சபை நாட்காட்டியிலிருந்து அவரது திருநாள் நீக்கப்பட்டது. பக்தி மட்டும் குறையவில்லை.

அப்பக்தி மைசூருக்கும் வந்தது. இங்கே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1843இல் ஒரு சிறிய ஆலயம் எழுந்தது. பின்னாளில் அரசரின் செயலாளரான தம்புச் செட்டியார் புனிதரின் திருப்பண்டம் ஒன்றைப் பெற்று வந்தார். 1933 அக்டோபர் 28 அன்று, இந்து சமயத்தவரான நான்காம் கிருஷ்ணராஜ உடையார் இப்பேராலயத்திற்கு அடிக்கல் நாட்டினார். செருமனியின் கொலோன் பேராலயத்தை நினைவூட்டும் வடிவம் இதற்கு அமைந்தது.

படிகளில் இறங்கினால் ஒரு நிலவறை. அங்கே பிலோமினாவின் சிலை படுத்த நிலையில் இருக்கிறது. கன்னடத்திலும் தமிழிலும் பேசிக்கொண்டு வருவோர், அவ்விடத்தை நெருங்கியதும் குரல் தாழ்த்துகின்றனர்.