அரைக் கப்பல் இரும்பு, ஒரு பனியுகம்: ஜான் மார்ட்டின் சொன்னதும் அளந்ததும்

கடலை வைத்துக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குறைக்க முடியுமா? இந்தப் பேச்சு எப்போது எழுந்தாலும் ஜான் மார்ட்டின் என்ற பெயரும் கூடவே வரும். அமெரிக்கக் கடல் விஞ்ஞானியான அவர் 1993-ல் இறந்துவிட்டார். ஆனால், 1988 ஜூலையில் அவர் அடித்த ஒரு ஜோக் இன்றுவரை சுற்றிக்கொண்டே இருக்கிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் உட்ஸ் ஹோல் கடலியல் ஆய்வு நிறுவனத்தில் ஒரு சொற்பொழிவு. பேச வந்த மார்ட்டின், ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்லவ்’ படத்தின் கிறுக்கு விஞ்ஞானி மாதிரி குரலை மாற்றிக்கொண்டு, தனக்கு அரைக் கப்பல் இரும்பு கொடுத்தால் போதும், பூமிக்கு ஒரு பனியுகத்தையே வரவழைத்துவிடுவதாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் வெளியே புல்தரைக்கு பீர் குடிக்கப் போய்விட்டார்கள்.

விஷயம் அங்கே முடியவில்லை. பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. மார்ட்டினுக்கு ‘இரும்பு மனிதர்’ என்ற பட்டம்கூடக் கிடைத்தது. புவி வெப்பமாதலுக்கு மலிவான மருந்து கண்டுபிடித்தவர் என்ற பிம்பம் ஒட்டிக்கொண்டது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்று அளப்பதற்கான அளவுகோலையும் அதே மனிதர்தான், ஜோக் அடிப்பதற்கு ஒரு வருஷம் முன்பே வெளியிட்டிருந்தார்.

போலியோவும் கடலும்

மார்ட்டின் பிறந்தது 1935-ல், கனெக்டிகட் மாநிலத்தின் ஓல்ட் லைம் என்ற ஊரில். கோல்பி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 19 வயதில் போலியோ தாக்கியது. போலியோ தடுப்பூசி பரவலாக வருவதற்குக் கொஞ்சம் முந்தைய காலம் அது. மறுபடியும் நடக்கக் கற்றுக்கொண்டார். ஆனால், கால்கள் பழைய பலத்துக்குத் திரும்பவில்லை. ஆடும் கப்பலில் நின்று வேலை பார்க்க வேண்டிய துறையைத்தான் அதன் பிறகு தேர்ந்தெடுத்தார்.

ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அடுத்த வேலை புவேர்ட்டோ ரிக்கோவின் அணுசக்தி மையத்தில். இன்று கேட்டால் நம்ப முடியாது: மத்திய அமெரிக்காவில் பனாமா கால்வாய்க்கு மாற்றாக இன்னொரு கால்வாயை அணுகுண்டு வெடித்தே தோண்டலாமா என்று அமெரிக்கா அப்போது யோசித்துக்கொண்டிருந்தது. வெடித்தால் கதிரியக்கம் கடல் உயிர்களுக்குள் எப்படிப் பரவும்? அதற்காகக் கடலின் நுண்ணுயிர்களில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. கால்வாய் வரவில்லை. உலோகங்கள் மீதான ஆர்வம் மார்ட்டினை விட்டுப் போகவும் இல்லை. 1970-களில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் கடல் ஆய்வகத்துக்கு வந்தவர், அதன் இயக்குநரானார்.

கடலுக்கு ரத்த சோகை

அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள கடல், பூமத்திய ரேகையை ஒட்டிய பசிபிக், அலாஸ்கா பக்கத்து வட பசிபிக். இந்த மூன்று பகுதிகளிலும் நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் தாராளமாக இருக்கின்றன. ஆனாலும் நுண்பாசி வளர்ச்சி குறைவு. உரம் கொட்டிய வயல் காய்ந்து கிடப்பது மாதிரி. இது கடலியலில் பழைய புதிர்.

இரும்பு போதாததுதான் காரணமாக இருக்கலாம் என்று 1930-களிலேயே சிலர் சந்தேகப்பட்டார்கள். பச்சையத்தை உண்டாக்கவும், ஒளிச்சேர்க்கை நடக்கவும் பாசிக்கு இரும்பு தேவை. நெல்லுக்கு யூரியாவை எவ்வளவு போட்டாலும் துத்தநாகச் சத்து இல்லையென்றால் பயிர் தேறாது என்பது நம்மூர் விவசாயிக்குத் தெரியும், அதே கதைதான். ஆனால் கடல் நீரை அளந்தபோதெல்லாம் இரும்பு போதுமான அளவு இருப்பதாகவே காட்டியது. அதனால் சந்தேகம் ஓரங்கட்டப்பட்டது.

தப்பு அளவீட்டில் இருந்தது. கப்பலே இரும்பு. கம்பி வடம் இரும்பு. காற்றில் பறக்கும் துருத்தூள் போதும், மாதிரி கெட்டுப்போக. ஈய மாசைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற கிளேர் பேட்டர்சன் வகுத்த சுத்த முறைகளை மார்ட்டின் குழு கடலுக்கு எடுத்துப்போனது. கம்பிக்குப் பதில் கெவ்லார் வடம், அமிலத்தில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டில்கள், கப்பலுக்குள்ளேயே தூசியில்லாத அறை. அப்போதுதான் உண்மை தெரிந்தது. அந்தக் கடல்களின் மேற்பரப்பில், ஒரு லிட்டர் நீருக்கு ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு சில பங்கு இரும்புதான் இருந்தது. அலாஸ்கா வளைகுடா நீரை பாட்டிலில் பிடித்து, துளி இரும்பு சேர்த்துப் பார்த்தார்கள். பாசி வளர்ந்தது. 1988-ல் ‘நேச்சர்’ இதழில் அந்த முடிவு வெளியானது.

1990-ல் இன்னும் ஒரு படி மேலே போனார். அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் பனிக்கட்டித் தூண்களில் லட்சம் ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உறைந்திருந்தது. பனியுகங்களின் உச்சத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்குச் சுமார் 200 பங்கு. வெப்பமான இடைக்காலங்களில் சுமார் 280. அளவு குறைந்திருந்த காலங்களிலெல்லாம் பனியில் தூசி அதிகம். வறண்ட நிலங்களிலிருந்து காற்று அள்ளிவந்த தூசியின் இரும்பு தென்கடலின் பாசியை வளர்த்தது, பாசி கார்பனை இழுத்தது, பூமி மேலும் குளிர்ந்தது. இதுதான் மார்ட்டினின் இரும்புக் கருதுகோள். அரைக் கப்பல் ஜோக்கின் பின்னணியும் இதுவே.

மூழ்கினால்தான் கணக்கு

இப்போது அந்த அளவுகோலுக்கு வருவோம். பாசி வளர்வதாலேயே கார்பன் போய்விடாது. பாசியைச் சின்னஞ்சிறு விலங்குகள் தின்னும், அவற்றின் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு திரும்ப நீரில் கலக்கும், மேல்நீரில் கலந்தது சீக்கிரமே காற்றுக்குப் போகும். செத்த பாசியும் கழிவும் ஆழத்துக்கு மூழ்கினால் மட்டுமே கார்பன் நூற்றாண்டுக் கணக்கில் அடியில் தங்கும்.

எவ்வளவு மூழ்குகிறது? மார்ட்டினும் சகாக்களும் வடகிழக்குப் பசிபிக்கில் வெவ்வேறு ஆழங்களில் சேகரிப்புக் குழாய்களைத் தொங்கவிட்டு, மேலிருந்து தூறலாக விழுவதைப் பிடித்து எடைபோட்டார்கள். 1987-ல் வெளியான அந்த ஆய்வின் கணக்குப்படி, 100 மீட்டர் ஆழத்தைக் கடக்கும் கார்பன் 100 பங்கு என்றால், 500 மீட்டரில் மிஞ்சுவது 25. ஆயிரம் மீட்டரில் வெறும் 14. கடலியலில் இதற்கு ‘மார்ட்டின் வளைகோடு’ என்றே பெயர். கடல் எவ்வளவு பச்சையாக மாறியது என்று படம் காட்டி கார்பன் கிரெடிட் விற்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கோடு இதுதான்.

மார்ட்டின் கேட்டது திறந்த கடலில் ஒரு சோதனை. பாட்டிலுக்குள் நடப்பது கடலில் நடக்காது என்று விமர்சகர்கள் சொன்னது அவருக்கும் தெரியும். 1991-ல் கலிஃபோர்னியாவில் கூடிய விஞ்ஞானிகள் சிறு சோதனைக்குச் சரி என்றார்கள். ஆனால் இதைக் காரணம் காட்டிப் புகையைக் குறைக்கும் வேலையை அரசுகள் தள்ளிப்போடக் கூடாது என்றும் தீர்மானம் போட்டார்கள்.

இதற்கிடையே, 1989 அக்டோபர் நிலநடுக்கத்தில் மாஸ் லேண்டிங் ஆய்வகக் கட்டிடம் சிதைந்து, வேலை தற்காலிகக் கூடங்களுக்கு மாறியிருந்தது. அதை நிமிர்த்தும் பொறுப்பும் இயக்குநர் தலையில். புற்றுநோயும் சேர்ந்துகொண்டது. 1993 ஜூன் 18 அன்று, 58 வயதில் மார்ட்டின் காலமானார்.

நான்கே மாதத்தில், அக்டோபரில், அவரது சகாக்கள் கலபகோஸ் தீவுகள் பக்கம் 64 சதுர கிலோமீட்டர் கடலில் சுமார் 450 கிலோ இரும்பைக் கரைத்தார்கள். பாசி பெருகியது, ஆனால் இரும்பிட்ட நீர் சில நாட்களில் வேறு நீருக்கு அடியில் நழுவிவிட்டது. 1995-ல் மறுபடி முயன்றபோது பச்சையம் 20 மடங்குக்கும் மேல் எகிறியது, நீரில் கார்பன் டை ஆக்சைடு இறங்கியது. பாசி விஷயத்தில் மார்ட்டின் சொன்னது சரி.

மூழ்கும் விஷயம்தான் இழுபறி. தென்கடலில் 2004-ல் நடந்த ஒரு சோதனையில், மணல்சத்தால் ஓடு கட்டும் டையாட்டம் வகைப் பாசி பெருகி, அதில் பாதியாவது ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனது. 2009-ல் கோவாவின் தேசிய கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனமும் சேர்ந்து தென் அட்லாண்டிக்கில் நடத்திய ‘லோஹாஃபெக்ஸ்’ வேறு மாதிரி முடிந்தது. பெயரில் இருப்பது நம்ம இந்தி ‘லோஹா’, இரும்பு. சூழல் அமைப்புகளின் எதிர்ப்பால் ஜெர்மன் அரசு இடையில் நிறுத்திவைத்து, பிறகு அனுமதித்தது. 300 சதுர கிலோமீட்டரில் இரும்பு போட்டார்கள். அந்த நீரில் சிலிக்கா குறைவு, டையாட்டம் வளரவில்லை. வளர்ந்த மென்மையான பாசியைக் குட்டி இறால் போன்ற உயிர்கள் மேய்ந்துவிட்டன. ஆழத்துக்குப் போன கார்பன் சொற்பம்.

2012-ல் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் சுமார் 100 டன் இரும்புக் கலவை கொட்டப்பட்ட பிறகு சர்ச்சை இன்னும் பெரிதானது. அடுத்த ஆண்டு லண்டன் உடன்படிக்கையில் இத்தகைய வேலைகளைக் கட்டுப்படுத்தும் திருத்தம் நிறைவேறியது. இப்போது ஒரு விஞ்ஞானிகள் குழு புதிய சோதனைக்குத் திட்டம் போட்டிருக்கிறது. எவ்வளவு கார்பன் மூழ்குகிறது, எவ்வளவு காலம் தங்குகிறது, பக்கத்துக் கடலுக்கு என்ன ஆகிறது என்று அளப்பதுதான் அதில் முக்கிய வேலை. அவர்கள் குறித்திருக்கும் இடம், மார்ட்டின் குழாய்களை இறக்கிய அதே வடகிழக்குப் பசிபிக்.