அடுப்புக்கரியில் ஓடிய பஸ்! டிவிஎஸ் என்ற மூன்றெழுத்துக்குப் பின்னால் இருப்பவர் யார்?

மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இருந்து பழங்காநத்தம் வழியாக திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். மூட்டை ஏற்றிய எக்ஸ்எல், ஆபீஸ் போகும் ஜூபிடர், காலேஜ் பசங்களின் அப்பாச்சி என்று டிவிஎஸ் வண்டிகள் வரிசையாகக் கடந்து போகும். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு பைக் கூடத் தயாரித்ததில்லை. முதல் டிவிஎஸ் மொபெட் வருவதற்கு 25 வருஷம் முன்பே அவர் இறந்துவிட்டார். அப்படியென்றால் அவர் செய்தது என்ன?

யார் இந்த டி.வி.எஸ்?

திருக்குறுங்குடி வேங்கரம் சுந்தரம் ஐயங்கார். 1877 மார்ச் 22-ல் பிறந்தவர். சொந்த ஊர் நெல்லைச் சீமையில் இருக்கும் திருக்குறுங்குடி. அப்பாவின் ஆசைக்காக வக்கீல் தொழிலுக்குப் போனார். அப்புறம் ரயில்வேயில் வேலை, அதற்கடுத்து பேங்க் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வாழ்க்கை. அதை விட்டுவிட்டு, 30 வயதைத் தாண்டிய பிறகு தொழிலில் இறங்கினார்.

அவர் கையில் எடுத்தது மோட்டார் பஸ். 1911, 1912 காலகட்டம் அது. ஊருக்கு ஊர் மாட்டு வண்டிதான். மோட்டார் வண்டி என்றாலே ஜமீன்தார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் வைத்திருக்கும் பொருள் என்ற நிலைமை. டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று தென் தமிழகத்தில் பஸ் விட்டவர்களில் அவர் முன்னோடி. மதுரையைத் தலைமையிடமாக வைத்து வளர்ந்த அந்தத் தொழில், பின்னாளில் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்ஸும் லாரியுமாகப் பெருகியது.

பெட்ரோல் நின்றால் என்ன ஆகும்?

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனது. அங்கிருந்த எண்ணெய்க் கிணறுகளை, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று பிரிட்டிஷ்காரர்களே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இந்தியாவுக்கு எண்ணெய் வந்த முக்கியமான வழி அடைபட்டது. இருக்கிற பெட்ரோல் ராணுவத்துக்கே முதலில் போகும் என்பதால், பஸ் கம்பெனிகளுக்கு அது வாழ்வா சாவா பிரச்னை. டிரைவர், கண்டக்டர், கிளீனர் என அத்தனை குடும்பங்களின் பிழைப்பும் அதில்தான் இருந்தது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற ஜனங்கள் பாடும் திண்டாட்டம்தான்.

அப்போது அவர் வடிவமைத்துத் தயாரித்ததுதான் டிவிஎஸ் கேஸ் பிளான்ட். அடுப்புக்கரியில் பஸ்ஸை ஓட்டும் கருவி.

கரியில் இன்ஜின் எப்படி ஓடும்?

கரியை நேரடியாக இன்ஜினுக்குள் போட முடியாது. அதை முதலில் கேஸாக மாற்றணும். இதற்காக வண்டியின் பின்பக்கம் ஒரு பெரிய உருளை அடுப்பைப் பொருத்துவார்கள். அதில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து, காற்றை மட்டும் அளவாக விடுவார்கள். காற்று போதாததால் கரி முழுசாக எரியாது. பாதி எரிந்த நிலையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உருவாகும். இது எரியக்கூடியது. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜனும் வரும். இந்தக் கலவைக்குப் பெயர் புரொட்யூசர் கேஸ்.

இதை அப்படியே இன்ஜினுக்கு விட்டால் சாம்பலும் தூசியும் போய் சிலிண்டரைத் தேய்த்துவிடும். அதனால் குழாய்கள் வழியாகச் சுற்றவிட்டு ஆறவைத்து, வடிகட்டி, காற்றோடு கலந்து உள்ளே அனுப்புவார்கள். இன்ஜினுக்குள் வழக்கம்போல ஸ்பார்க் பிளக் அதைப் பற்றவைக்கும். பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிப்போட வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய லாபம்.

சிக்கலும் நிறைய. இந்த கேஸில் ஏறக்குறைய பாதி, எரியாத நைட்ரஜன். அதனால் ஒவ்வொரு தடவை சிலிண்டர் நிரம்பும்போதும் உள்ளே போகும் எரிசக்தி குறைவு. பெட்ரோலில் கிடைத்த இழுவையில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். மேடு ஏறத் திணறும். கேஸ் மெதுவாக எரியும் என்பதால் ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்கூட்டியே கொடுக்கணும். காலையில் வண்டி எடுக்கும் முன் கிளீனர் விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றி அடுப்பை மூட்டணும். கார்பன் மோனாக்சைடு கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இத்தனையும் இருந்தும் பஸ் ஓடியது. கரி உள்ளூரிலேயே கிடைத்தது, அதற்குக் கப்பல் வரக் காத்திருக்க வேண்டாம்.

பஸ்ஸைத் தாண்டி என்ன செய்தார்?

தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலை தொடங்கினார். உதிரி பாகங்களுக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், வண்டி விற்பனைக்கு சுந்தரம் மோட்டார்ஸ் என்று கம்பெனிகள் வந்தன. ஓடுகிற வண்டிக்கு என்னவெல்லாம் தேவையோ, அதெல்லாம் ஒரே குடும்பத் தொழிலானது.

அவருடைய மகள் சௌந்தரம் சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். பிறகு டாக்டருக்குப் படித்தார். 1940-ல் காந்தி முன்னிலையில் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்தார். விதவை மறுமணம் என்றாலே ஊர் முகம் சுளித்த காலம் அது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர்கள் இந்தத் தம்பதிதான்.

சுந்தரம் ஐயங்கார் 1955 ஏப்ரல் 28-ல் கொடைக்கானலில் காலமானார்.

அப்போ பைக் எப்போது வந்தது?

1980-ல், ஓசூர் தொழிற்சாலையில் இருந்து டிவிஎஸ் 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். சைக்கிள் மாதிரி பெடல் உண்டு. இன்ஜின் டூ ஸ்ட்ரோக். அதில் தனியாக வால்வு கிடையாது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போதே சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளை மூடித் திறக்கும். உதிரி பாகம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு. பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றணும் என்பதால் புகை அதிகம். பால்காரரும் காய்கறி வியாபாரியும் அதைத்தான் வாங்கினார்கள். பின்னாளில் வந்த எக்ஸ்எல் 100-ல் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்.

மதுரையின் பங்கும் தொடர்கிறது. வெள்ளரிப்பட்டியில் இருக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ரா தொழிற்சாலையில் இருந்து டூவீலர் டயர்கள் போகின்றன. ஊருக்குள் டிவிஎஸ் நகர் என்று ஒரு பகுதியே இருக்கிறது.

இப்போது மறுபடியும் கேஸ் பேச்சு அடிபடுகிறது. 2024-ல் சிஎன்ஜி பைக்கை பஜாஜ் கொண்டு வந்தது. 2025 ஜனவரியில் டெல்லி கண்காட்சியில் சிஎன்ஜியில் ஓடும் ஜூபிடரை டிவிஎஸ் காட்டியது. இதில் கரி மூட்ட வேண்டாம், கேஸ் சீட்டுக்கு அடியில் டேங்கில் இருக்கும். ஆனால் 1940-களில் அந்தக் கரி அடுப்பை வண்டியில் ஏற்ற வைத்த கேள்வி இன்னும் மாறவில்லை. வெளிநாட்டு எண்ணெய் வராமல் போனால் வண்டியை எதில் ஓட்டுவது?