பறவைகளைப் பதிவுசெய்த மருத்துவர்

நுழையும்முன்

நீலகிரி மாவட்டத்தின் எமரால்டு பகுதியில், அணை நீர்ப்பரப்பை ஒட்டிய சோலைகளின் வழியே செல்வோர் செவியில் பலர் கூடிச் சிரிப்பது போன்ற ஒலி விழும். மனிதர் எவரும் கண்ணில் படார். புதரிலிருந்து புதருக்குத் தாவும் நீலகிரிச் சிரிப்பான் என்னும் பறவைக் கூட்டத்தின் குரல் அது. நீலகிரியையும் அதனை அடுத்துள்ள உயர்மலைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இப்பறவை வாழ்வதில்லை. 1839 ஆம் ஆண்டு இதற்கு அறிவியல் பெயர் சூட்டி உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் ஒரு படை மருத்துவர். நோயாளிகளைப் பேணிய கைகளால் இயற்கையின் பெரும் பதிவேட்டை எழுதிய அவருடைய வாழ்வை இப்பாடம் விளக்குகிறது.

இளமையும் கல்வியும்

தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன், 1811 ஆம் ஆண்டு அக்டோபர் 12 ஆம் நாள் இங்கிலாந்தின் டர்ஹாம் நகருக்கு அருகில் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முதலில் இலக்கியம் பயின்ற அவர், பேராசிரியர் இராபர்ட் ஜேம்சனின் இயற்கை வரலாற்று வகுப்புகளால் ஈர்க்கப்பட்டார். பின்னர் மருத்துவம் கற்றுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி அறுவை மருத்துவராகப் பணியேற்று, 1836 ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா வந்தடைந்தார்.

படைப்பிரிவு செல்லும் இடமெல்லாம் மருத்துவரும் செல்லவேண்டும். கஞ்சம், தக்காணத்தின் ஜால்னா, திருச்சிராப்பள்ளி என ஊர்கள் மாறின. இந்த இடமாற்றங்கள் ஜெர்டனுக்குச் சுமையாக அமையவில்லை. புதிய ஊர் ஒவ்வொன்றும் புதிய பறவைகளைக் காட்டியது. கண்டவற்றை அவர் உடனுக்குடன் எழுதிவைத்தார்.

அந்துப்பூச்சி கற்பித்த பாடம்

அக்காலத்தில் தொலைநோக்கியும் ஒளிப்படக் கருவியும் இன்றுபோல் எளிதில் கிடைக்கும் கருவிகள் அல்ல. எனவே பறவையை ஆராய விரும்பியோர் அதனைச் சுட்டு வீழ்த்தினர். தோலை உரித்து, நச்சுப்பொருள் கலந்த சவர்க்காரம் பூசி, உள்ளே பஞ்சு அடைத்துப் பாதுகாத்தனர். காலில் ஒரு சிறு சீட்டைக் கட்டி, கிடைத்த இடம், நாள் ஆகிய விவரங்களைக் குறித்தனர். இவ்வாறு பாதுகாக்கப்பட்டவை பதனத்தோல்கள் எனப்பட்டன.

ஜெர்டனும் தம் முதல் தொகுப்பைப் பெரும் உழைப்பால் உருவாக்கினார். ஆயினும் பறவைகளை ஒப்புநோக்கி இனங்காண்பதற்குரிய நூலகமோ அருங்காட்சியகமோ அவர் பணியாற்றிய ஊர்களில் இல்லை. ஆகவே ஸ்காட்லாந்தில் வாழ்ந்த பறவையியலாளர் வில்லியம் ஜார்டைனுக்கு அத்தொகுப்பைக் கப்பலில் அனுப்பிவைத்தார். கடல்கடந்து சென்றடைந்தபோது பெட்டிக்குள் அந்துப்பூச்சிகள் புகுந்திருந்தன. பறவைத் தோல்கள் அரிக்கப்பட்டுப் பயனற்றுப் போயிருந்தன.

தொகுப்பை இழந்த ஒருவர் அத்துறையையே கைவிட்டிருக்கலாம். ஜெர்டனிடம் ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. அதுவே அவர் எழுதிவைத்த குறிப்பு. பிறர் உதவியை எதிர்பாராது தம் குறிப்புகளையே அடிப்படையாகக் கொண்டு தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை உருவாக்கத் தொடங்கினார். சென்னை இலக்கியச் சங்கம் நடத்திய ஆய்விதழில் 1839 முதல் அப்பட்டியல் வெளிவந்தது. அதில் 420 பறவையினங்கள் இடம்பெற்றன. அவருக்கு முன் சைக்ஸ் என்பார் தக்காணப் பறவைகளைப் பற்றி வெளியிட்டிருந்த பட்டியலைப்போல ஏறத்தாழ இருமடங்கு இது. நீலகிரிச் சிரிப்பானும், சோலைகளில் வாழும் கருமையும் செம்மஞ்சளும் கலந்த ஈப்பிடிப்பானும் இப்பட்டியலின் வழியாகவே அறிவியல் உலகில் அறிமுகமாயின. சிரிப்பானுக்கு அவர் இட்ட காக்கின்னன்ஸ் என்னும் இலத்தீன் பெயர் உரக்கச் சிரிப்பது எனப் பொருள்படும். பறவையின் தோலைமட்டும் கண்டவரால் இப்பெயரை இட்டிருக்க இயலாது. அதன் குரலையும் அறிந்தவராலேயே இயலும்.

உள்ளூர் மக்களின் அறிவு

1841 ஆம் ஆண்டு ஜெர்டன், ஃபுளோரா மெக்லியோடு என்னும் அம்மையாரை மணந்தார். தாவரங்களில், சிறப்பாக ஆர்க்கிடு மலர்களில் ஈடுபாடு கொண்டிருந்த அவ்வம்மையார் ஓவியம் தீட்டுவதிலும் வல்லவர். இந்தியப் பறவைகளைப் பற்றி ஜெர்டன் 1843 முதல் 1847 வரை வெளியிட்ட படநூலில் 50 வண்ண ஓவியங்கள் இடம்பெற்றன. அவற்றுள் பல இந்திய ஓவியர்களின் கைவண்ணம் ஆகும்.

நெல்லூரில் மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில் ஏனாதி மக்களின் துணை அவருக்குக் கிடைத்தது. காட்டையும் விலங்குகளின் தடத்தையும் நுட்பமாக அறிந்த அம்மக்கள் பறவைகளையும் பிற உயிர்களையும் அவருக்குத் தேடித் தந்தனர். அவற்றைத் தாங்கள் வழங்கிவந்த பெயர்களையும் சொல்லினர். ஜெர்டன் அப்பெயர்களைப் புறக்கணிக்கவில்லை. பின்னர் அவர் எழுதிய பெருநூலில் இலத்தீன் பெயரோடு தமிழ், தெலுங்கு, இந்தி முதலிய மொழிகளின் வழக்குப் பெயர்களும் இடம்பெற்றன. எனினும் உயிர்களைத் தேடித் தந்த அம்மக்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை. பறவையின் பெயரைப் பதிவுசெய்த ஏடு, அதனைக் காட்டியவரின் பெயரைப் பதிவுசெய்யாது விட்டது ஒரு குறையே ஆகும். அருங்காட்சியகத் தொகுப்புகளை இன்று ஆராய்வோர் இக்குறையையும் கருத்தில் கொள்ளவேண்டும்.

இந்தியப் பறவைகள்

அந்நாளில் இந்தியப் பறவைகளைப் பற்றிய செய்திகள் இலண்டனிலும் கொல்கத்தாவிலும் வெளிவந்த இதழ்களில் சிதறிக் கிடந்தன. சிற்றூரில் பணியாற்றும் ஒருவர் அவற்றையெல்லாம் பெற்றுப் படிப்பது அரிது. முன்னர்த் தாம் பட்ட இடர்ப்பாட்டைப் பின்வருவோர் படலாகாது எனக் கருதினார் ஜெர்டன். கையோடு எடுத்துச் செல்லத்தக்க நூல் ஒன்றை எழுத முனைந்தார். இந்தியப் பறவைகள் என்னும் அந்நூல் 1862 முதல் 1864 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்களின் தோற்றம், வாழிடம், பழக்கவழக்கம் ஆகியன அதில் விளக்கப்பட்டன. 1867 இல் இந்தியப் பாலூட்டிகளைப் பற்றிய நூலும் வெளிவந்தது. இவையன்றித் தென்னிந்திய நன்னீர் மீன்கள், எறும்புகள், ஊர்வன ஆகியவற்றையும் அவர் ஆராய்ந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு செடியினத்திற்குத் தாவரவியலாளர் இராபர்ட் வைட் ஜெர்டோனியா எனப் பெயரிட்டு அவரைச் சிறப்பித்தார்.

1868 ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்ற ஜெர்டன், அதன் பின்னரும் அசாமில் ஆய்வை மேற்கொண்டார். அங்கு நோயுற்றதால் தாயகம் திரும்பினார். 1872 ஆம் ஆண்டு சூன் 12 ஆம் நாள் இலண்டனை அடுத்த அப்பர் நார்வுட்டில் காலமானார்.

கால்வாயைத் திருப்பிய பறவை

ஜெர்டன் மறைந்து நூறாண்டுகளுக்குப் பின்னரும் அவர் விட்டுச்சென்ற பதிவு ஓர் உயிரினத்தைக் காக்கத் துணைநின்றது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் புதர்க்காடுகளில் அவர் ஒரு சிறு பறவையைக் கண்டறிந்திருந்தார். இரவில் இரைதேடுவதும், ஆபத்து நேர்ந்தால் பறத்தலினும் ஓடுதலையே விரும்புவதும் அதன் இயல்பு. கொல்கத்தா ஆசியச் சங்கத்து அருங்காட்சியகத்தின் காப்பாளர் எட்வர்டு பிளித், 1848 ஆம் ஆண்டு அதனைப் புதிய இனமாக விவரித்தார். ஜெர்டன் கோர்சர் என இன்று அழைக்கப்படும் அப்பறவையைத் தெலுங்கில் கலிவிக்கோடி என்பர். கோடி என்றால் கோழி.

1900 ஆம் ஆண்டிற்குப் பின் அப்பறவை எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் கருதினர். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் பாரத் பூஷண், பழைய குறிப்புகள் சுட்டிய நிலப்பகுதிகளில் தேடினார். உள்ளூர் மக்களிடம் அதன் படத்தைக் காட்டி வினவினார். 1986 ஆம் ஆண்டு சனவரியில் கடப்பை மாவட்டத்தில் உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் கையில் அப்பறவை உயிருடன் அகப்பட்டது. அப்பகுதி பின்னர் ஸ்ரீலங்கமல்லேசுவரா வனவிலங்கு உய்விடமாக அறிவிக்கப்பட்டது. அதன் வாழிடத்தைக் காக்கும்பொருட்டுத் தெலுங்கு கங்கைக் கால்வாயின் பாதையும் மாற்றி அமைக்கப்பட்டது. சென்னைக்குக் குடிநீர் கொணரும் திட்டத்தின் ஒரு கால்வாய், ஒரு சிறு பறவைக்காக விலகிச் சென்றது எனலாம்.

2013 இல் மற்றொரு செய்தி வெளியாயிற்று. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக விலங்கியல் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் கவனிப்பாரின்றி இருந்த முட்டை ஒன்று, இப்பறவையினுடையது எனக் கண்டறியப்பட்டது. இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் உள்ள பழைய பதனத்தோலின் மரபணுவோடு ஒப்பிட்டே அதனை உறுதிசெய்தனர். மரபணு என்னும் சொல்லே அறியப்படாத காலத்தில் பாதுகாக்கப்பட்ட தோல், மரபணு ஆய்வுக்குச் சான்றாயிற்று. அருங்காட்சியகம் பழம்பொருள்களின் அடைக்கலம் மட்டுமன்று. இனி எழவிருக்கும் வினாக்களுக்கான விடைகளின் சேமிப்பும் ஆகும்.

தெரிந்து தெளிவோம்

ஜெர்டன் 1851 இல் விவரித்த தாவும் எறும்பின் முழு மரபணுத் தொகுதி 2010 இல் வெளியிடப்பட்டது. முழு மரபணுத் தொகுதி அறியப்பட்ட முதல் எறும்பினங்களுள் இதுவும் ஒன்று. இவ்வெறும்புக் கூட்டத்தில் அரசி இறந்தபின், வேலைக்கார எறும்புகள் சில முட்டையிடும் எறும்புகளாக மாறுகின்றன. அவற்றின் வாழ்நாளும் பலமடங்கு நீள்கிறது. முதுமையைப் பற்றிய ஆய்வுகளுக்கு இது பெரிதும் பயன்படுகிறது.

நமக்குரிய கடமை

நீலகிரிச் சோலைகளின் நிழலில் வாழும் நீலநிறச் சிறுபறவை ஒன்றையும் ஜெர்டனே முதலில் விவரித்தார். மரபணு ஆய்வின் அடிப்படையில் 2017 இல் அப்பறவைக்கு ஷோலிகோலா என்னும் புதிய பேரினப் பெயர் வழங்கப்பட்டது. சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். சோலை என்னும் தமிழ்ச்சொல் அறிவியல் பெயருக்குள் இடம்பெற்றது நாம் மகிழத்தக்க செய்தியாகும். ஆனால் அப்பெயருக்குரிய சோலைகள் சுருங்கிவருகின்றன. தேயிலைத் தோட்டங்களும், அயல்நாட்டு மரங்களான சீகையும் தைலமரமும் சோலைகளையும் புல்வெளிகளையும் வெகுவாகக் குறைத்துவிட்டன. சோலை மறைந்தால் பெயர் ஏட்டில் மட்டுமே எஞ்சும்.

இன்று காட்டுப்பறவையைக் கொல்வது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். கொல்லவேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் ஜெர்டன் மேற்கொண்ட மற்றொரு பணி இன்றும் நம் கைக்கு எட்டியதே. கண்டதை, கண்ட இடத்தோடும் நாளோடும் பிழையின்றி எழுதிவைப்பதே அப்பணி. தோல்களை அந்துப்பூச்சி அரித்தது, குறிப்பேடு நிலைத்தது. ஓர் ஊரின் பறவை இன்று அங்கிருந்தது என எழுதிவைக்கும் மாணவர், என்றோ ஒருநாள் அதனைத் தேடி வரப்போகும் ஒருவருக்கு வழிகாட்டி ஆகிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் காணப்படும் ஐந்து பறவைகளுக்கு முதியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து, பெயரைச் சொன்னவர், பறவையைக் கண்ட இடம், நாள் ஆகியவற்றுடன் அட்டவணைப்படுத்துக.

2. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்கோ அருகிலுள்ள அருங்காட்சியகத்திற்கோ சென்று, காட்சிப்பொருள் ஒன்றின் குறிப்புச் சீட்டில் உள்ள செய்திகளையும் அதில் விடுபட்டவற்றையும் எழுதுக.

3. குறிப்பில்லாத பொருள், பொருளில்லாத குறிப்பு ஆகிய இரண்டனுள் அறிவியலுக்கு மிகுதியும் பயன்படுவது எது? வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.