காட்டிலே கண்ணயர்ந்த கார்பெட்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)



காரைக்காலில் வளர்ந்த நமக்குக் காடு என்றதும் அம்மையார் சென்றடைந்த ஆலங்காடுதான் முதலில் நினைவுக்கு வரும். மாங்கனித் திருவிழா நாட்களில் அந்தக் கதையைக் கேட்காத பிள்ளை நம் ஊரில் இல்லை. மற்றபடி நாம் அறிந்தது வயல், அரசலாறு, கடல் ஆகிய மூன்றும்தான். முகத்துவாரத்தில் நிற்கும் அலையாத்தி மரங்களைத் தவிர நம் ஊரில் காடு என்று சொல்ல ஒன்றுமில்லை. வெளிமானைப் பார்க்க வேண்டுமென்றால்கூட கோடியக்கரைக்குத்தான் போக வேண்டும். அதனால்தானோ என்னவோ, கூடாரமும் கட்டிலும் காவலுமின்றிக் காட்டின் நடுவே படுத்துறங்கிய ஒருவருடைய வரலாறு எங்களை மிகவும் கவர்ந்தது. அவர் பெயர் ஜிம் கார்பெட். நம் நாட்டின் முதல் தேசியப் பூங்கா இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

எட்வர்டு ஜேம்ஸ் கார்பெட் 1875ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இமயமலை அடுக்கிலுள்ள நைனிடாலில் பிறந்தார். அயர்லாந்து வழிவந்த பெரிய குடும்பம் அது. தந்தை அவ்வூரின் தபால் அதிபர். ஜிம்முக்கு ஆறு வயது நிரம்பும் முன்பே, 1881இல், தந்தை காலமானார். தாய் மேரி ஜேன் அதற்கு முன்பே ஒருமுறை கணவரை இழந்தவர். இத்தனை பிள்ளைகளையும் அந்த அம்மையார் வளர்த்து ஆளாக்கியதற்குத் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். கோடைக்கு நைனிடால், குளிருக்கு மலையடிவாரத்திலுள்ள காலாதுங்கி என அக்குடும்பம் மாறி மாறி வாழ்ந்தது. காலாதுங்கி வீட்டிலிருந்து சிறிது தூரம் நடந்தால் காடு வந்துவிடும்.

சிறுவன் ஜிம்முக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி இரட்டைக் குழல் உடையது. ஆனால் அதில் ஒரு குழல் பிளந்திருந்தது. உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்த ஓட்டைத் துப்பாக்கியோடு அவர் நாள் முழுவதும் காட்டில் திரிவார். இருட்டிவிட்டால் வீடு திரும்ப வேண்டும் என்ற கவலை இல்லை. இரவு எங்கே வந்து சேருகிறதோ அங்கேயே சுள்ளி பொறுக்கிச் சிறு நெருப்பு மூட்டி, அதன் அருகில் படுத்துவிடுவார். நடுச்சாமத்தில் புலியின் குரல் கேட்டு விழிப்பு வந்தால் நெருப்பில் இன்னொரு விறகைப் போட்டுவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்வார். மின்சாரம் நின்றால் பாட்டியின் முந்தானையைத் தேடும் நமக்கு இது கட்டுக்கதை போலத் தோன்றும். ஆனால் அந்தச் சிறுவனுக்கு ஓர் உண்மை தெரிந்திருந்தது. தன்னைச் சீண்டாத மனிதனைப் புலி சீண்டாது என்பதே அது.

துணிச்சல் ஒன்றை மட்டும் நம்பி அவர் காட்டில் படுத்துவிடவில்லை. காட்டைப் படிக்கவும் கற்றிருந்தார். கருங்குரங்கு மரத்தின் மேலிருந்து கத்தினால் என்ன பொருள், புள்ளிமான் குரல் எழுப்பினால் என்ன பொருள், மயில் அகவினால் எந்தத் திசையில் புலியோ சிறுத்தையோ நகர்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓடை மணலில் பதிந்த அடிச்சுவட்டைக் கண்டு, சென்றது ஆணா பெண்ணா, நடந்ததா ஓடியதா, எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடுவார். அக்குரல்களைத் தாமே எழுப்பி விலங்குகளுக்கு மறுமொழி சொல்லவும் பழகிக்கொண்டார். நாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யும் வயதில் அவர் இதையெல்லாம் படித்தார் என்றால் மிகையாகாது.

பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு அவர் ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்தில் ரயில் எஞ்சின்களுக்கு விறகும் எரிபொருளாக இருந்தது. விறகு வெட்டும் பணியை மேற்பார்க்கும் அவர் வேலையாட்களோடு காட்டிலேயே கூடாரத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மரங்கள் விழும்போது தாயை இழந்த மான்குட்டிகளும் முயல்குட்டிகளும் அவருடைய கூடாரத்தில் அடைக்கலம் பெற்றன. பின்னர் கங்கைக் கரையில் மொகாமா காட் என்னுமிடத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒப்பந்தக்காரராக இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளிக்கூடமும் தொடங்க உதவினார். முதல் உலகப்போரில் 1917ஆம் ஆண்டு குமாவுன் மலைவாசிகள் 500 பேரைப் பிரெஞ்சு நாட்டுப் போர்முனைக்கு அழைத்துச் சென்று, ஒருவரைத் தவிர மற்ற அனைவரையும் உயிரோடு ஊர் திருப்பினார்.

இனி அவருக்குப் பெரும்புகழ் தேடித்தந்த நிகழ்ச்சிக்கு வருவோம். நேபாளத்தில் 200 பேரையும் குமாவுனில் 236 பேரையும் கொன்ற ஒரு பெண்புலி சம்பாவத் பகுதியில் திரிந்துகொண்டிருந்தது. அதைக் கொல்ல 1907ஆம் ஆண்டு கார்பெட்டை அழைத்தார்கள். அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். அறிவித்திருந்த பரிசுப்பணத்தை ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும் என்பவையே அவை. பணத்துக்காகச் சுடுபவன் என்ற பெயர் தமக்கு வேண்டாம் என்று அவர் எண்ணினார்.

அவர் பாலி என்னும் சிற்றூரை அடைந்தபோது ஊரே கதவடைத்துக் கிடந்தது. ஐந்து நாட்களாக எவரும் வாசற்படி தாண்டவில்லை. அன்றிரவு அவர் வீதியோரத்தில் ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்துத் தனியே அமர்ந்தார். சிறுவயதில் புலிக்குரல் கேட்டும் உறங்கியவருக்கு அன்று பல் கிட்டியது. குளிரால் மட்டுமல்ல, அச்சத்தாலும்தான். இதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நிலவொளியில் ஒவ்வொரு நிழலும் புலியாகத் தெரிந்ததாம். விடியும் தறுவாயில் முழங்காலில் தலை வைத்து உறங்கிப்போனவரை அவருடைய ஆட்கள் வந்து எழுப்பினார்கள். எங்களுக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது. அச்சமே அறியாதவர் என்று பெரியோரைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். அஞ்சியவர் மறுநாளும் அதே ஊரில் தங்கினார், கோதுமை அறுவடை செய்த மக்களுக்குத் துப்பாக்கியோடு காவல் நின்றார் என்பது அதைவிடப் பெரிதாக எங்களுக்குப் படுகிறது.

பிறகு சம்பாவத்தில் சுள்ளி பொறுக்கச் சென்ற ஒரு பெண்ணைப் புலி கொண்டுபோயிற்று. அவளுக்கு வயது பதினாறோ பதினேழோ. நம்மைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள். மலைச்சரிவில் ஊராரை நிறுத்திப் பறையடித்துக் கூச்சலிடச் செய்து கார்பெட் அப்புலியை வெளியே கொணர்ந்து சுட்டார். இறந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தால் வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்பு எவரோ சுட்ட குண்டின் வேலை அது. மானையும் பன்றியையும் பிடிக்க இயலாமல் போனதால்தான் அது மனிதரைத் தேடியது. ஒரு மனிதன் அரைகுறையாகச் செய்த வேட்டைக்கு 436 குடும்பங்கள் அழுதன என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

பாலி ஊரில் ஒரு பெண் இருந்தாள். தன் சகோதரியைப் புலி தூக்கிச் சென்றபோது அரிவாளோடு பின்னால் ஓடியவள். அன்று நின்ற பேச்சு ஓராண்டாகத் திரும்பவில்லை. கார்பெட் திரும்பும் வழியில் அவள் வீட்டுக்குச் சென்று புலித்தோலை விரித்துக் காட்டினார். அவள் கணவனையும் ஊராரையும் கூவி அழைத்துக்கொண்டு தெருவில் ஓடினாளாம்! அந்தக் குரலைவிட வேறு பரிசு அவருக்கு எதற்கு?

மனிதரைத் தின்னும் புலி பகலில் வரும், சிறுத்தை இரவில் வரும் என்பது கார்பெட் கண்டறிந்த வேறுபாடு. புலி மனிதரிடம் அச்சத்தை இழந்துவிடுகிறது. சிறுத்தை மனிதரைத் தின்றாலும் அஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஆகவே புலியுள்ள காட்டில் நடப்பது ஆபத்து, சிறுத்தையுள்ள ஊரில் படுப்பது ஆபத்து. கேதாரநாத், பத்ரிநாத் யாத்திரிகர்கள் செல்லும் ருத்ரபிரயாகையில் 1918 முதல் 1926 வரை ஒரு சிறுத்தை 125 உயிர்களைக் குடித்தது. பொழுது சாய்ந்தால் தெருவில் ஈ காக்கை இராது. அலகநந்தா ஆற்றுப் பாலத்தின் கோபுரத்தின் மேல் எறும்புக்கடியிலும் குளிர்காற்றிலும் கார்பெட் இருபது இரவுகள் விழித்திருந்தார். அத்தனை இரவுகளிலும் சிறுத்தை அந்தப் பாலத்தைக் கடக்கவே இல்லை. கடைசியில் 1926ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், கோலாப்ராய் யாத்திரிகர் சத்திரத்தின் அருகில் ஒரு மரத்தின் மேல் பல இரவுகள் காத்திருந்து அதை வீழ்த்தினார். அது என்ன மரம் தெரியுமா? மாமரம்! காரைக்கால் பிள்ளைகளாகிய நாங்கள் இதைப் படித்தபோது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். விடிந்ததும் கீழே கிடந்த விலங்கைக் கண்டபோது, அது பல் தேய்ந்த கிழச்சிறுத்தைதான், மனிதரின் சட்டத்துக்கு மாறாக நடந்ததே அதன் குற்றம் என்று அவர் இரக்கம் கொண்டார்.

ஒன்றை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை. 1930ஆம் ஆண்டு பவல்கட் என்னுமிடத்தில் அவர் ஒரு மாபெரும் ஆண்புலியைச் சுட்டார். அது ஒருவரையும் தின்றதில்லை. பெரிய புலி என்பதற்காகவே பலர் அதைத் தேடியலைந்தார்கள், அவரும் தேடினார். காட்டை இவ்வளவு நேசித்தவர் ஏன் இப்படிச் செய்தார் என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. அக்காலத்து வழக்கம் அதுதான் என்று சிலர் சொன்னோம். வழக்கம் என்பதால் சரியாகிவிடுமா என்று மற்றவர்கள் கேட்டோம்.

ஆனாலும் அவர் அதோடு நின்றுவிடவில்லை. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி புலிகளைப் படம் பிடிப்பதைக் கண்டு தாமும் சலனப்பட கேமராவை எடுத்துக்கொண்டார். சிற்றோடை ஒன்றுக்கு அணை கட்டித் தண்ணீரின் ஓசையால் கேமராவின் ஓசையை மறைத்து, மணிக்கணக்கில் அசையாமல் அமர்ந்து புலிகளைப் படமெடுத்தார். சுடுவதற்கு ஒரு நொடி போதும், படமெடுக்கவோ பல மாதங்கள் வேண்டும். புலிகளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று பள்ளிக்கூடங்களிலும் சங்கங்களிலும் பேசினார். 1936ஆம் ஆண்டு ஹெய்லி தேசியப் பூங்கா தோன்றியதில் அவருடைய பங்கும் உண்டு. 1973ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அங்கேதான். அதற்குள் அப்பூங்காவுக்குக் கார்பெட்டின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். இன்று அக்காட்டில் நினைத்த இடத்தில் நெருப்பு மூட்டிப் படுக்க இயலாது. அனுமதிச் சீட்டு பெற்று, குறித்த விடுதியில் மட்டுமே தங்கலாம். ஜிம் என்ற அந்தச் சிறுவன் இன்று வந்தால் காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்! அவன் படுத்துறங்கிய காலத்தில் காடு பெரிது, மனிதர் சிலர். இன்றோ காடு சிறிதாகிவிட்டது.

1944ஆம் ஆண்டு அவர் எழுதிய குமாவுன் ஆட்கொல்லிகளைப் பற்றிய நூல் உலகெங்கும் பரவியது. தமிழில் தி. ஜ. ர. அவர்கள் அதனை மொழிபெயர்த்தார்கள். நூலகத்தில் கிடைத்தால் தவறாமல் படியுங்கள், ஆனால் இரவில் வேண்டாம்.

கார்பெட் மணம் செய்துகொள்ளவில்லை. தமக்கை மேகியும் அவ்வாறே இருந்தார். இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தனர். காலாதுங்கியின் அருகில் சோட்டி ஹல்த்வானி என்ற சிற்றூரை அவர் 1915ஆம் ஆண்டு வாங்கிக் குடியானவர்களைக் குடியேற்றினார். காட்டுப்பன்றிகள் பயிரை அழிக்காதபடி ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கார்பெட் சாகிப் என்று மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஆனால் 1947ஆம் ஆண்டு இறுதியில், நாடு விடுதலை பெற்ற பின், அக்காவும் தம்பியும் கென்யா நாட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். பிறந்த மண்ணைவிட்டு எழுபத்திரண்டாம் வயதில் போவது எளிதாக இருந்திருக்குமா? நிலத்தை உழுதவர்களிடமே விட்டுச் சென்றார். அந்த வீடு இன்று காட்சியகமாக இருக்கிறது.

கென்யாவில் நியேரி என்ற ஊரில் அவர்கள் குடியிருந்த சிறு வீடு, சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் பிரபு தம் கடைசி நாட்களில் வாழ்ந்த வீடு. நம் சாரணியர் அணித் தோழியர் இதைக் குறித்துக்கொள்ளலாம். பள்ளி மைதானத்தில் கூடாரம் அடித்து, வாயிலில் காவற்காரரும் அறைக்குள் அருட்சகோதரியரும் விழித்திருக்க, நாம் ஓரிரவு தங்குவதையே ஒரு வாரம் பேசுகிறோமே!

1952ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் இங்கிலாந்து இளவரசி எலிசபெத், வனவிலங்குகளைக் காண நியேரியின் அருகில் மரத்தின் மேல் கட்டிய விடுதிக்கு வந்தார். உடனிருக்க எழுபத்தாறு வயதுக் கார்பெட்டை அழைத்திருந்தார்கள். இரவு எல்லோரும் உறங்கியபின் அம்முதியவர் ஏணியின் தலைப்பில் துப்பாக்கியோடு காவல் இருந்தார். அந்த இரவில்தான் இங்கிலாந்தின் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் மன்னர் உறக்கத்திலேயே காலமானார். இளவரசியாக மரமேறியவர் அரசியாகக் கீழிறங்கினார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் கார்பெட் மாரடைப்பால் காலமானார். நியேரியிலுள்ள புனித பேதுரு ஆலயத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். பேடன் பவலின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறது.