பறந்து சென்ற மருத்துவம்

சவ்வாது மலையில் பிறந்தவன் நான். எட்டு வயதில் கண்ட காட்சி ஒன்று இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. பேறுகால வலியில் துடித்த என் அத்தையை டோலி கட்டித் தூக்கினார்கள். மழையில் வழுக்கிய ஒற்றையடிப் பாதையில் நால்வர் தோள் மாற்றி மாற்றிச் சுமந்து, ஜமுனாமரத்தூர் சாலையை அடைந்தபோது விடிந்துவிட்டது. அத்தை பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை.

ஆகவேதான், ஜான் ஃபிளின் அவர்களின் வரலாற்றைப் படித்தபோது அதை அயல்நாட்டுக் கதையாக என்னால் எண்ண முடியவில்லை.

1880 நவம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார் ஃபிளின். கிறித்துவ சமய ஊழியரான அவர், 1912-இல் உள்நாட்டு மக்களுக்கான பணியின் தலைமையை ஏற்றார். அங்கே ஏறத்தாழ 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புக்கு இரண்டே மருத்துவர்கள்! சிறு காயமும் உயிரைக் குடித்தது. அவர் ஆங்காங்கே மருத்துவ நிலையங்களை நிறுவினார்; எனினும் தொலைவை வெல்ல வழி காணாது தவித்தார்.

வழி காட்டியவர் யார் தெரியுமா, நண்பர்களே? நம்மைப் போன்றதொரு மாணவர்! மருத்துவம் பயின்று, போர் விமானியாகப் புறப்பட்ட கிளிஃபர்ட் பீல், 1917-இல் ஃபிளினுக்கு ஒரு கடிதம் எழுதினார். மருத்துவரை விமானத்தில் அனுப்பலாம் என்பதைச் செலவுக் கணக்குடன் விளக்கினார். அடுத்த ஆண்டே பிரான்சில் போரில் மாண்டார். தம் கனவு பலித்ததை அவர் காணவில்லை.

ஃபிளின் அக்கடிதத்தை மறக்கவில்லை. பத்தாண்டுகள் பொருள் திரட்டினார். 1928 மே 17 அன்று, குவாண்டாஸ் நிறுவனத்திடம் வாடகைக்குப் பெற்ற ஒற்றை எஞ்சின் விமானம், மருத்துவர் வெல்ச்சை ஏற்றிக்கொண்டு கிளோன்கரியிலிருந்து பறந்தது. முதலாண்டில் 50 பயணங்கள், 225 நோயாளிகள். விமானம் இருந்தால் போதுமா? அழைக்க வழி வேண்டாமா? ஆல்ஃபிரெட் டிரேகர் என்னும் பொறியாளர், மிதித்தே மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியைச் செய்து தந்தார். 1929 முதல் அது தொலைதூரப் பண்ணை வீடுகளை மருத்துவருடன் இணைத்தது.

1951 மே 5 அன்று ஃபிளின் மறைந்தார். அவர் தொடங்கிய பணி இன்றும் பறந்துகொண்டிருக்கிறது.

எங்கள் மலைக்கு இன்று சாலைகள் வந்துள்ளன. 108 வண்டியும் வருகிறது. ஆயினும் சாலை முடியும் இடத்துக்கு அப்பாலும் குடிசைகள் உள்ளன. அவற்றுக்கு வேண்டியது விமானமா, பாதையா, பாலமா என்று கணக்கிட்டுச் சொல்ல, கற்ற நம்மில் ஒருவர் பேனா எடுக்கலாகாதா?